வாஷருக்கு அடியில் கறுக்காத வட்டம்

அந்தச் சோதனைக் கூடத்துக்குப் பேய் வருவது பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. நள்ளிரவில் அலையும் சோம்பேறிப் பேய் அல்ல அது. வேலை நாட்களில் தவறாமல் வரும். ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓடினால் அன்றைக்கும் வரும். மழை நாளில் மட்டும் விடுப்பு.

முதலில் எஃகு உருளையின் விலாவில் ஸ்பானரால் தட்டியது போல 'டக், டக்' என்று இரண்டு சத்தம். லாரி ஒன்றை உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிய உருளை. உள்ளிருந்த காற்றையெல்லாம் பம்புகள் உறிஞ்சித் தள்ளிவிட்டு, விண்வெளியின் வெறுமையை அதற்குள் அடைத்து வைத்திருந்தன. வெறுமையின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் எஞ்சின் நீல வளையமாக எரியும். தட்டுச் சத்தம் கேட்ட சில நொடிகளில் அந்த நீலம் நடுங்கும். மின்னோட்டம் காட்டும் முள் துள்ளும். சில நாள் எஞ்சினே அணைந்துபோகும்.

"அண்ணன் டீ குடிச்சிட்டு வந்துட்டாரு," என்பார் பம்புக்காரர், கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காமல்.

அண்ணன் என்றது ஃபிட்டரை. இருபத்தாறு வருஷம் அந்த உருளையின் போல்ட்டுகளை முடுக்கியும் தளர்த்தியும் வாழ்ந்தவர். மூன்றேகாலுக்கு டீ குடித்துவிட்டு வந்து, உருளையின் விலாவில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். கேட்டால், "மாட்ட எழுப்புற மாதிரிதான்" என்பார். அவர் செத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எஞ்சினை வடிவமைத்தவளுக்கு அந்தக் கூடத்தில் 'அரை மில்லி' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறது என்று ஒரே பீங்கான் வளையத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு ஒட்டிய பெயர், ஐம்பத்திரண்டு வயதிலும் உதிரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை வெளுத்த அம்மாவின் ஒரே மகள். உதவித்தொகையில் படித்து, அந்தக் கூடத்தில் கால் வைத்த முதல் பெண். பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்ட அங்கே மூன்று வருஷம் பிடித்தது. விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பத் திட்டம் போட்டவர்களால் ஒரு கழிப்பறையைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. கடைசியில் சாமான் அறை ஒன்றை ஒழித்து, உள்பக்கத் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே செய்து பொருத்திக் கொடுத்தவர் ஃபிட்டர்.

"வெளியிலேர்ந்து யானை இடிச்சாலும் திறக்காது தங்கச்சி," என்றார் அப்போது.

அவளுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆவி, சகுனம், நல்ல நேரம் என்று யாராவது ஆரம்பித்தால், "அதோட எடை எவ்வளவு? எதால அளந்தீங்க?" என்று கேட்டு வாயை அடைப்பாள். ஆனால் மூன்று வருஷமாக, மூன்று மணி அடித்தால் அவளுக்கு வேறு எங்காவது வேலை வந்துவிடும். நூலகத்தில் ஒரு புத்தகம் பார்க்க வேண்டியிருக்கும், பட்டறையில் ஒரு வரைபடம் கொடுக்க வேண்டியிருக்கும். நாலு மணிக்குத்தான் திரும்புவாள். பேயை நம்பாதவள் ஏன் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராக்கெட் என்றதும் நெருப்பும் புகையும் நினைவுக்கு வரும். இதில் நெருப்பே கிடையாது. பீங்கான் வளையத்துக்குள் செனான் வாயுவை ஊசிமுனை அளவில் விடுவார்கள். மின்சாரம் அந்த அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி எறிந்து, மிச்சத்தை நொடிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே விரட்டும். அந்த நீலப் பாய்ச்சல்தான் விண்கலத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும்? உள்ளங்கையில் இரண்டு வெள்ளைத் தாள் வைத்தால் என்ன கனமோ, அவ்வளவு.

அவள் கணவர் பல் மருத்துவர்களுக்குப் பீங்கான் பல் செய்து கொடுப்பவர். "நான் செய்யிற பல்லு எலும்பு கடிக்குது. நீ செய்யிற எஞ்சின் காகிதம் தூக்கத் திணறுது," என்று சாப்பாட்டு மேசையில் சீண்டுவார்.

"அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும். உங்க பல்லு ஒரு வருஷம் நிக்காம மெல்லுமா?"

நிற்காமல் தள்ளுவதுதான் இந்த எஞ்சினின் பலம், எமனும் அதில்தான். பாயும் அணுக்கள் போகிற போக்கில் பீங்கான் வளையத்தின் விளிம்பையும் அரித்துக்கொண்டே போகும். விளிம்பு தேய்ந்து உள்ளிருக்கும் காந்தம் வெளியே தெரிந்தால் எஞ்சினின் கதை முடிந்தது. ஆகவே எஞ்சினின் ஆயுள் என்பது அந்த வளையத்தின் தேய்மானம். ஐந்நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை உருளையைத் திறந்து, விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பாள் அரை மில்லி. அளவுகளைத் தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டை நீட்டி, ஒன்பதாயிரம் மணி நேரம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலே போன எஞ்சின் ஐயாயிரத்து முந்நூறாவது மணியில் செத்தது. விண்கலம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு முனைவர்கள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் அரை மில்லி உட்கார்ந்தாள். இன்னொன்றில் நிலையத் தலைவரின் கைப்பை உட்கார்ந்திருந்தது. ஃபிட்டர் நின்றார். இரண்டு மணி நேரம் நின்றார். அந்தப் பையை எடுத்துத் தரையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அரை மில்லிக்குத் தோன்றியது. ஆனால் அவள் எடுக்கவில்லை.

"வாயுக் குழாய் இணைப்புல அழுக்கு சேர்ந்திருக்க வாய்ப்பு இருக்கா?" என்று அவளிடம் கேட்டார்கள்.

குழாயை இணைத்தவர் ஃபிட்டர். அவர் கையில் அழுக்கு சேராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அறிவியல் படித்தவர்கள் எதையும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது என்று படித்திருந்தாள். "இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது," என்றாள்.

தவறே இல்லாத வாக்கியம். எந்தத் தராசில் வைத்தாலும் நிற்கும். அறிக்கையில் அது இப்படி இறங்கியது: 'வடிவமைப்பாளரும் ஒப்புக்கொண்டபடி, பொருத்துநரின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம்.' பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூன்று வாரத்தில் ஃபிட்டரின் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, அரை மில்லியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காவலாளி போன் செய்தார். "மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லுங்க," என்றாள். அவள் மீட்டிங்கில் இல்லை. ஜன்னல் ஓரத்தில், அவர் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் போன அடுத்த கோடையில்தான் மூன்றேகால் மணித் தட்டு தொடங்கியது.

இப்போது அதே வடிவ எஞ்சினை, அதே ஒன்பதாயிரம் மணிக் கணக்கோடு, இன்னொரு விண்கலத்தில் ஏற்றப்போகிறார்கள். அதற்கான சோதனை ஓட்டத்தில் பேயின் தொல்லை பொறுக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் நான்கு முறை எஞ்சின் அணைந்தது. நிலையத் தலைவர் கூடத்துக்கு வந்தார். இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர்.

"ஒண்ணு செய்யலாம். மூணுலேர்ந்து நாலு வரைக்கும் எஞ்சினை நிறுத்தி வச்சிடலாம். எதுக்கு வம்பு?"

அரை மில்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு வம்புன்னா? யாரோட வம்பு சார்?"

"இல்லம்மா, ஆட்கள் பயப்படுறாங்க..."

"ஆட்களா? நீங்களா?"

பம்புக்காரர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றாகப் பத்து நிமிடம். சட்டென்று அவருக்கும் எங்கோ வேலை வந்துவிட்டது. அவர் வேகமாக வெளியேறுவதைப் பார்த்தபோதுதான் அரை மில்லிக்குச் சுரீரென்றது. மூன்று வருஷமாகத் தானும் இப்படித்தானே ஓடினோம்? அவர் பட்டம் இரண்டு, தன் பட்டம் ஒன்று. ஓட்டம் மட்டும் ஒரே ஓட்டம்.

அன்று அவள் ஓடவில்லை. நாற்காலியை உருளையின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பத்துக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து உருளையின் விலாவில் ஏறியது. 'டக்.' உள்ளங்கையை எஃகில் வைத்தாள். வெதுவெதுப்பு. 'டக்.' நீல வளையம் நடுங்கியது.

"இந்த வெயில் முன்னாடி வராதே?" என்றாள்.

"எப்படி வரும்? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரிய மரம் இருந்துச்சுல்ல. பெரியவங்க கார் நிறுத்த எடமில்லைன்னு வெட்டிட்டாங்க. அண்ணன் செத்த வருஷம்." பம்புக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். "மழை நாள்ல அவர் வராததும் அதனாலதானா அக்கா?"

"அவர் எந்த நாள்லயும் வரலை."

சொல்லிவிட்டாள். ஆனால் உள்ளங்கையை எஃகிலிருந்து எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் பம்புகளை நிறுத்தி, காற்றை விட்டு, கதவைத் திறந்தார்கள். அரை மில்லி உள்ளே ஏறிப் போனாள். விளக்கைத் தூக்கிப் பார்த்தால், எஃகுச் சுவரெல்லாம் கறுப்பு. உரிந்த தோல் போலக் கரிப்படலம் சுருண்டு தொங்கியது. விரலால் தொட்டதும் ஒரு சில்லு உதிர்ந்து அவள் கன்னத்தில் ஒட்டியது. வெயில் ஏறியதும் எஃகு 'டக்' என்று விரிகிறது, படலம் உரிந்து தெறிக்கிறது, எஞ்சின் வாயில் விழுந்து மின்சாரத்தைக் கலைக்கிறது. பேயின் உடம்பு இதுதான். எடை, சில மில்லிகிராம்.

"இவ்வளவு கரி எப்படிச் சேர்ந்துச்சு?" உள்ளிருந்து கத்தினாள். குரல் உருளைக்குள் சுற்றித் திரும்பி வந்தது.

"அண்ணன் மாசம் ஒருதரம் உள்ள போய்த் தேய்ச்சிட்டு வருவார்க்கா. யாரும் சொல்லல, அவரா செய்வாரு. அவருக்கப்புறம் எவன் தேய்க்கிறான்? நம்ம வேலைப் பட்டியல்லயே அது இல்லையே."

கரி வந்த இடம் அவளுக்குத் தெரியும். உருளையின் கோடியில் நீலப் பாய்ச்சலைத் தாங்குவதற்குக் கரிப்பலகைகள் வைத்திருக்கிறார்கள். அணுக்கள் அதில் மோதும்போது பொடி தெறித்துத் திரும்பி வரும். சுவரில் படியும். எஞ்சின் மேலும் படியும். வளையத்தை அளக்க எடுக்கும்போதெல்லாம் அதன் மேல் மெல்லிய கறுப்பு இருக்கும். ஒருமுறை ஃபிட்டர் அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, இந்தக் கரி மேலயும் இருக்குமா?"

"எங்க மேல?"

"வானத்துல. அங்க எதிர்ல சுவரே இல்லையே."

"துடைச்சிட்டுக் குடுங்கண்ணே, நேரமாச்சு."

அன்று அவர் துடைத்துக் கொடுத்தார். பஞ்சு குப்பைக்கூடைக்குப் போனது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதைப் புத்தகத்தில் படித்துக் கொதித்தவள்தான் அவளும்.

மல்லாந்து படுத்து, எஞ்சின் நிற்கும் மேடைக்கு அடியில் விளக்கை நீட்டினாள். அங்கே எஃகுக் கம்பியால் கட்டிய ஏதோ ஒன்று இருந்தது. அவிழ்த்தாள். விரல் நீளக் கண்ணாடிச் சில்லு, நடுவில் ஒரு வாஷர். வாஷரை நகர்த்தினாள். கண்ணாடி முழுக்கக் கறுத்திருக்க, வாஷர் மூடியிருந்த இடம் மட்டும், துளை இருந்த நடுவில் ஒரு கறுப்புப் பொட்டோடு, தெளிந்த வட்டமாக இருந்தது. திருப்பினாள். ஆணியால் கீறிய எழுத்து, ஃபிட்டரின் கோணல் எழுத்து: 'வச்ச நாள்' என்று போட்டு ஒரு தேதி. அதன் கீழே 'எடுத்த நாள்' என்று எழுதி, பக்கத்தில் காலி.

வைத்த நாள், விசாரணைக்கு மறுநாள்.

இரண்டு மணி நேரம் நின்ற மனிதர், அடுத்த நாள் யாரையும் திட்டாமல், மனு எழுதாமல், ஒரு சோதனை வைத்திருக்கிறார். எடுப்பதற்குள் வாசலை அடைத்துவிட்டார்கள். வாசலில் வந்து நின்று அவளைக் கேட்டது இதற்குத்தான். உருளைக்குள் மல்லாந்து படுத்திருந்த அரை மில்லி, வெகுநேரம் வெளியே வரவில்லை. "அக்கா, உள்ள இருக்கீங்களா?" என்று பம்புக்காரர் கதவருகே மூன்று முறை கேட்டார். மூன்றாவது தடவை அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது.

கணக்குப் போட நான்கு நாள் ஆனது. கண்ணாடியின் கரி எவ்வளவு தடிமன் என்று வட்டத்தின் விளிம்பில் வைத்து அளந்தாள். உருளை ஓடிய ஒவ்வொரு மணியும் பதிவேட்டில் இருந்தது. திரும்பி வந்து படிந்த கரி, வளையத்துக்கு ஒரு கவசம் போலிருந்திருக்கிறது. அணுக்கள் முதலில் கரியை அரித்து, பிறகுதான் பீங்கானைத் தொட்டிருக்கின்றன. தேய வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கரி தாங்கிக்கொண்டது. வானத்தில் எதிர்ச்சுவரும் இல்லை, கரியும் இல்லை. அந்த இரண்டு பங்கைச் சேர்த்தால் ஒன்பதாயிரம் என்பது ஐயாயிரத்து நானூறு ஆகிறது. எஞ்சின் செத்தது ஐயாயிரத்து முந்நூறில். குழாயில் அழுக்கு இல்லை. அழுக்கு அவள் போட்ட கோட்டில் இருந்தது.

தலைவர் தாள்களைப் புரட்டினார். "அருமையான வேலை. புது எஞ்சினோட மணிக் கணக்கை மாத்திடுவோம். நல்லவேளை."

"விசாரணை அறிக்கையையும் மாத்தணும்."

"அது முடிஞ்சு போன விஷயம். செத்தவரைக் கிளப்பி என்ன ஆகப்போகுது?"

"மூணு வருஷமா தினம் மூணேகாலுக்கு நீங்கதான் சார் அவரைக் கிளப்பிட்டு இருந்தீங்க. பேயா வந்தா நம்புவீங்க, நிரபராதியா வந்தா நம்ப மாட்டீங்களா?"

தலைவரின் முகம் சிவந்தது. "யோசிச்சுப் பேசுங்க. அறிக்கையைத் திறந்தா உள்ள இருக்கிறது உங்க கையெழுத்து. மாட்டிக்கப்போறது நீங்க."

"மாட்டிக்கிறேன். அந்த வரி இருக்கிற வரைக்கும் புதுக் கணக்குக்குக் கீழ என் கையெழுத்து விழாது. என் கையெழுத்து இல்லாம எஞ்சின் மேல போகாது."

ஏழு மாதம் இழுத்தார்கள். 'கூட்டுப் பொறுப்பு' என்று போடலாம் என்றார்கள். மறுத்தாள். 'தெரியாத காரணம்' என்றார்கள். மறுத்தாள். கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, 'வடிவமைப்பாளரின் அளவீட்டுப் பிழை. பிழையை வெளிக்கொணர்ந்தது பொருத்துநர் வைத்த கண்ணாடி' என்று எழுதினார்கள். எஞ்சின் பிரிவிலிருந்து அவளை எடுத்துக் கிடங்குப் பதிவுக்குப் போட்டார்கள். கணவர் மட்டும், "இனிமே போல்ட் எண்ணு. அரை போல்ட் குறையுதுன்னு திருப்பி அனுப்பாத," என்றார்.

கண்ணாடியை ஒரு டப்பியில் பஞ்சு சுற்றி வைத்து எடுத்துக்கொண்டு, ஃபிட்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க நீலத்துணி வெட்டுகள். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் துணி எதுவும் போட்டிருக்கவில்லை.

"வா. நிக்காத, இந்த ஸ்டூல்ல உக்காரு," என்றார், மிஷினை நிறுத்தாமல்.

அரை மில்லி அறிக்கையைப் படித்துக் காட்டினாள். மிஷின் நின்றது.

"அப்போ அவர் தப்பு இல்லைன்னு எழுதிட்டாங்க."

"எழுதிட்டாங்க அண்ணி."

"பம்புக்காரத் தம்பி வந்து சொல்லுவான், அண்ணன் டெய்லி வர்றாருன்னு. மூணேகாலுக்கு." கத்தரியை எடுத்து வைத்தார். "நெசமா வர்றாரா?"

"இல்ல அண்ணி. அது கரி. வெயில்ல உரிஞ்சு விழுது. சுவரைத் தேய்ச்சாச்சு, இப்போ எதுவும் வர்றதில்ல."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்தார். அரை மில்லி வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேயை ஓட்டியிருக்கிறாள். ஓட்டிய இடம் இத்தனை வெறுமையாகக் கிடந்து பார்த்ததில்லை. டப்பியைத் திறந்து கண்ணாடியை நீட்டினாள்.

"இது அவர் வச்சது. இதாலதான் தெரிஞ்சுது."

அண்ணி வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஐயோ, எவ்வளவு அழுக்கு," என்று மடியில் கிடந்த துணி வெட்டு ஒன்றை எடுத்தார்.

"துடைக்காதீங்க!" அரை மில்லி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "துடைக்காதீங்க அண்ணி. அதுதான்... அந்தக் கறுப்புதான் அவர் சொன்னது. அன்னைக்கு நான்தான் துடைக்கச் சொன்னேன். விசாரணையில வாய்ப்பு இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு சொன்னதும் நான்தான். வாசலுக்கு வந்தப்போ மீட்டிங்னு சொன்னதும் நான்தான்."

அண்ணி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து, தங்கச்சிக்கு மீட்டிங்காம், நாளைக்குப் பாக்கலாம்னார்," என்றார்.

சுவர்க் கடிகாரம் மூன்று பத்தைக் காட்டியது. அண்ணி எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளரில் டீ வந்தது. ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றைக் காலி நாற்காலிக்கு எதிரே, பலகையில் வைத்தார். பக்கத்தில் கண்ணாடியையும் வைத்தார். அரை மில்லிக்கு எதுவும் வைக்கவில்லை.

இருவரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவி சுருள் சுருளாக எழுந்து, மெலிந்து, நின்றுபோனது. டீயின் மேல் ஏடு படர்ந்தது. எங்கும் எதுவும் தட்டவில்லை.

"ஆறிடுச்சு," என்றார் அண்ணி கடைசியில். "எடுத்துக் குடி."

அரை மில்லி எடுத்துக் குடித்தாள்.